தண்ணீரைக் கோழி மேல் ஊற்றாதீர்கள்... கூரை மேல் ஊற்றுங்கள்!

வீட்டோரம் - வாராந்தரப் பகுதி

மே மாதம் பிறந்துவிட்டால், தாம்பரம் பக்கம் கோழி வளர்க்கும் வீடுகளில் ஒரே மாதிரியான புலம்பல் கேட்கும். "காலையில நல்லாத்தாங்க மேஞ்சுது. மூணு மணிக்குப் போய்ப் பார்த்தா வாயைப் பிளந்து கிடக்குது. என்ன நோயின்னே தெரியல!"

பல வீடுகளில் அது நோயே கிடையாது. வெக்கை. செத்துப்போனது எது என்று கேட்டுப் பாருங்கள். இருப்பதிலேயே கொழுகொழுவென்று இருந்ததாகவோ, தவறாமல் முட்டை போட்டுக்கொண்டிருந்ததாகவோ இருக்கும். உடம்பு பெரிதாக இருந்தால் உள்ளே உண்டாகும் சூடும் அதிகம். முட்டை உற்பத்திக்கு உடம்பு கூடுதலாக வேலை செய்வதால் அதிலும் சூடு கூடும். அதனால், வெக்கை முதலில் கொண்டுபோவது நல்ல கோழியைத்தான்.

சேலையூர், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கமெல்லாம் தனி வீடுகளில் இரண்டு, மூன்று கோழிகள் மேய்வதை இன்றும் பார்க்கலாம். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது, ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் அதற்குள் வந்தன. பெயர் மாநகராட்சி ஆனாலும், பல தெருக்களில் காலையில் எழுப்பிவிடுவது இன்னமும் சேவல்தான். குழந்தைகளுக்கு வீட்டு முட்டை கொடுக்க வேண்டும் என்று புதிதாகக் கோழி வாங்குபவர்களும் இருக்கிறார்கள். இந்த வாரம் அவர்களுக்காகத்தான்.

பீனிக்ஸ் வெயில் வேறு... நம்ம புழுக்கம் வேறு!

வெயிலில் கோழியைக் காப்பாற்றுவது எப்படி என்று போனில் தேடினால், முதலில் வரும் வீடியோக்களில் பல அமெரிக்காவின் அரிசோனா பக்கம் எடுத்தவை. அந்த மாநிலத்தின் பீனிக்ஸ் நகரம் பாலைவனத்தில் இருக்கிறது. 2023 கோடையில் அங்கே தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. நம் கணக்கில் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல். அந்த ஊரிலும் வீட்டின் பின்பக்கம் கோழி வளர்க்கிறார்கள். சிறிய மனைகளில் தனி வீடு வைத்திருப்பவர்களும் ஆறு கோழிகள் வரை வளர்க்கலாம் என்று 2024-ல் அந்த மாநிலம் சட்டமே போட்டது.

அவர்கள் சொல்லும் முதல் யோசனை, கோழி இருக்கும் இடத்தில் பனித்துளி போலத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருங்கள் என்பது. அங்கே அது அருமையாக வேலை செய்யும். இங்கே அதை அப்படியே செய்தால், சில நாட்களில் கோழிக்கு அதுவே எமன் ஆகிவிடும். ஏன்?

கோழிக்கு வியர்க்காது. அதன் தோலில் வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. உடம்பின் சாதாரண வெப்பமே 41 முதல் 42 டிகிரி. சூடு ஏறினால் அதற்குத் தெரிந்த வழி இரண்டுதான். இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி, கொண்டை, தாடி, கால் வழியாகச் சூட்டைக் காற்றில் விடும். அது போதாதபோது வாயைத் திறந்து இரைக்கும். நிமிடத்துக்கு 150 தடவைக்கு மேல்கூட மூச்சு வாங்கும். அப்படி இரைக்கும்போது மூச்சுப் பாதையில் இருக்கும் ஈரம் ஆவியாகி, சூட்டை வெளியே எடுத்துப் போகிறது. நமக்கு வியர்வை செய்யும் வேலையைக் கோழிக்கு இந்த இரைப்பு செய்கிறது.

ஈரம் ஆவியாக வேண்டும் என்றால் சுற்றியிருக்கும் காற்று காய்ந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் துவைத்த துணி காயாமல் தொங்குகிறது இல்லையா, அதே கதைதான்.

ஒரு தெர்மாமீட்டரின் நுனியில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால், ஆவியாதலால் எவ்வளவு குளிர முடியும் என்று அது காட்டும். பாலைவனத்தில் 43 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 10 சதவிகிதம் என்றால் அந்த ஈரத் தெர்மாமீட்டர் சுமார் 20 டிகிரிக்கு இறங்கிவிடும். தாம்பரத்தில் 38 டிகிரி வெயில், ஈரப்பதம் 45 சதவிகிதம் என்றால் அது 28 டிகிரியோடு நின்றுவிடும். வெயில் ஐந்து டிகிரி குறைவு. ஆனால், குளிர்ச்சிக்கு இருக்கும் வழி எட்டு டிகிரி அடைபட்டிருக்கிறது.

இந்த நிலையில் காற்று ஓடாத கூண்டுக்குள் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? இருக்கும் கொஞ்சநஞ்ச உலர்ந்த காற்றும் ஈரமாகிவிடும். கோழி இரைக்கும், இரைத்தும் பயன் இருக்காது. தரையில் இருக்கும் உமியும் எச்சமும் நனைந்து அம்மோனியா நெடி கிளம்பும். நாம் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருப்போம், உள்ளே கோழிக்கு மூச்சு முட்டும்.

கடற்காற்று வந்தால் சரியாகிவிடுமா?

மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று வந்தால் நமக்கு உயிர் வரும். மெரினா பக்கம் சீக்கிரம் வந்துவிடும். உள்ளே இருக்கும் தாம்பரத்துக்கு அது வந்து சேரத் தாமதமாகும். சில நாட்கள் பலமான மேல்காற்று அடித்தால் கடற்காற்று வராமலே போய்விடும். சென்னையில் 45 டிகிரி பதிவான 2003 மே 31-ம் தேதியைப் பெரியவர்கள் பலர் இன்னும் மறக்கவில்லை.

கடற்காற்று வந்ததும் 38 டிகிரி 35 டிகிரியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஈரப்பதம் 60 சதவிகிதத்துக்கு ஏறும். அப்போது அதே ஈரத் தெர்மாமீட்டரைப் பார்த்தால் 28 டிகிரியைச் சற்றே தாண்டித்தான் நிற்கும். ஆவியாகிக் குளிர்வதற்கு முன்பைவிட அதிக வழி எதுவும் திறக்கவில்லை. பிறகு ஏன் நமக்கு இதமாக இருக்கிறது? காற்று வீசுவதால். வீசும் காற்று உடம்பைச் சுற்றித் தேங்கி நிற்கும் சூட்டையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு போகிறது.

ஆக, தாம்பரத்தில் கோழியைக் காப்பாற்றுவது காற்றோட்டம். அதன் பிறகு நிழல். குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் மூன்றாவது. மேலே தெளிக்கும் தண்ணீர் கடைசி. இந்த வரிசையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

கூண்டு எப்படி இருக்க வேண்டும்?

நாய்க்கும் கீரிப்பிள்ளைக்கும் பயந்து பல வீடுகளில் நான்கு பக்கமும் பலகையோ தகரமோ அடித்து, சின்னக் கதவு மட்டும் வைத்துவிடுகிறார்கள். பாதுகாப்பாகத்தான் இருக்கும். மே மாதத்தில் அது அடுப்பு.

பழைய பஞ்சாரத்தை நினைத்துப் பாருங்கள். மூங்கில் பிளாச்சில் பின்னியது. உள்ளே இருக்கும் கோழிக்கு எல்லாப் பக்கமும் காற்று வரும். அதே யோசனைதான் நமக்கும் வேண்டும். பலகைக்குப் பதிலாக அரை இன்ச் வெல்டு மெஷ் அடியுங்கள். அறுகோண ஓட்டை போட்ட மெல்லிய கோழி வலையை நாய் கடித்து இழுத்துவிடும், வெல்டு மெஷ் தாங்கும்.

கூண்டின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். நீளமான இரண்டு பக்கங்களும், அதாவது தெற்கும் வடக்கும், வலையோடு திறந்திருக்கட்டும். தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று தெற்குப் பக்கமாக நுழைந்து வடக்கில் வெளியேறும். மாலை வெயில் சாய்ந்து அடிக்கும் மேற்குப் பக்கத்தை மட்டும் ஓலையாலோ பலகையாலோ மறையுங்கள்.

ஒரு சின்ன விஷயம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை சென்னையில் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு நேர் மேலே இல்லாமல், கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும். அதனால் தெற்குப் பக்கம் இறவாணம் நீட்டியது போல வடக்கிலும் இரண்டு, மூன்று அடி நீட்டிவிடுங்கள்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரம் என்றால், வெயிலில் அது 60 டிகிரியைத் தாண்டிக் கொதிப்பது சாதாரணம். அந்தச் சூடு நேராகக் கோழியின் முதுகில் இறங்கும். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். அதற்கு மேல் தென்னங்கீற்றோ பழைய சாக்கோ போடுங்கள். இப்போது தண்ணீரை எடுத்து அந்தச் சாக்கின் மேல் ஊற்றுங்கள். ஆவியாகும் ஈரம் வெளிக்காற்றோடு போய்விடும், கூரை குளிரும், உள்ளே இருக்கும் காற்று ஈரமாகாது. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருக்களில் இதற்கு நல்ல தண்ணீர் வேண்டாம். ஏசி-யிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்தாலே போதும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது நிறையவே கிடைக்கும். குடிக்க மட்டும் அதை வைத்துவிடாதீர்கள்.

உள்ளே ஒரு கோழிக்குக் குறைந்தது இரண்டு சதுர அடி வேண்டும் என்பது பொதுக் கணக்கு. கோடையில் அதற்கு மேல் எவ்வளவு தாராளமாக விட முடியுமோ விடுங்கள். தரையில் உமி இரண்டு அங்குலம் போதும். ஆழமாகப் போட்டால் அதுவே மக்கிச் சூடு கிளப்பும்.

ஃபேன் வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம். காற்று கோழியின் உடம்பைவிடச் சூடாக இல்லாத வரை ஃபேன் உதவும். 42 டிகிரிக்கு மேல் போகும் நாட்கள் நமக்கு அபூர்வம். ஒயரைக் கோழி கொத்தாத உயரத்தில் கட்டுங்கள்.

தண்ணீர் தெளிப்பான் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? வீணாகாது. ஃபேன் ஓடும்போது மட்டும், சில நிமிடங்கள் மட்டும், கூண்டுக்கு வெளியே காற்று நுழையும் பக்கத்தில் வையுங்கள். உமி நனைந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

மொட்டை மாடி வேண்டாமே!

கீழே இடம் இல்லை என்று மொட்டை மாடியில் கூண்டு வைக்கும் பழக்கம் புறநகரில் பெருகிவிட்டது. ஜனவரியில் பிரச்னை தெரியாது. மே மாதத்தில் பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணிக்கும் சூடாகவே இருக்கும். பகலில் ஏறிய சூட்டைக் கோழி இரவில்தான் இறக்க வேண்டும். அந்த இரவும் அதற்குக் கிடைக்காமல் போனால், அடுத்த நாள் மதியத்தைத் தாங்காது.

கோழி வெட்டவெளிப் பறவை அல்ல. அதன் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி தென்கிழக்கு ஆசியக் காடுகளில் புதருக்கும் மரத்துக்கும் அடியில் வாழ்வது. நம் வீட்டுக் கோழியும் மதியமானால் மரத்தடி மண்ணைக் கிளறிக் குழி பறித்து, அதில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஈரமான அடி மண் அதன் வயிற்றுச் சூட்டை இழுத்துக்கொள்கிறது.

இப்போது பல வீடுகளில் அந்த மண்ணே இல்லை. வாசல் முதல் கொல்லை வரை சிமென்ட் அல்லது பேவர் பிளாக். கோழி வளர்க்க ஆசையென்றால், மூன்றுக்கு மூன்று அடியாவது பேவர் பிளாக்கைப் பெயர்த்து மண்ணை வெளியே காட்டுங்கள். பக்கத்தில் ஒரு கொய்யாவோ வாழையோ வையுங்கள். வேப்பமரம் இருக்கும் வீடு என்றால் கொடுத்துவைத்தவர்கள். முருங்கை நிழல் மெல்லியது, அதை மட்டும் நம்ப வேண்டாம்.

டேங்க் தண்ணீர் ஜாக்கிரதை

சாதாரண நாளில் ஒரு பெட்டைக்கோழி கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். வெக்கையில் அது அரை லிட்டர் வரை போகும். நான்கு கோழிக்கு இரண்டு லிட்டர். ஆனால், கணக்கு சரியாக இருந்தும் பல வீடுகளில் கோழி தண்ணீரைத் தொடாது. காரணம், மதியம் ஒரு மணிக்கு மொட்டை மாடி பிளாஸ்டிக் டேங்கிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர். கை வைத்தால் நமக்கே சுடும். சூடான தண்ணீரைக் கோழி குடிக்காது.

காலையிலேயே ஒரு மண்பானையில் தண்ணீரைப் பிடித்து நிழலில் வையுங்கள். பதினொரு மணி, இரண்டு மணி, நான்கு மணி என்று மூன்று முறை தண்ணீரை மாற்றுங்கள். அகலமான மண்சட்டிகள் நல்லது. கோழி எண்ணிக்கைக்கு ஏற்ப இரண்டு, மூன்று இடங்களில் வையுங்கள். ஒரே சட்டி என்றால், பலசாலிக் கோழி மற்றதை அண்டவிடாது. இரண்டு ஐஸ் கட்டியைப் போடுவதில் தவறில்லை.

தண்ணீரில் கலக்கும் எலெக்ட்ரோலைட் பவுடரைக் கால்நடை மருத்துவரைக் கேட்டு வாங்கி, கவரில் போட்டிருக்கும் அளவில் கொடுக்கலாம். பக்கத்திலேயே வெறும் தண்ணீரும் இருக்கட்டும். பலரும் மோர் வைப்பார்கள். கொஞ்சமாக வைத்து அரை மணி நேரத்தில் சட்டியை எடுத்துக் கழுவிவிடுங்கள். புளித்துப்போனால் ஈ மொய்க்கும்.

தீனி: விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும்

தின்ற தீனி செரிக்கும்போதும் உடம்பு சூடாகும். அந்தச் சூடு உச்சத்துக்குப் போகத் தின்ற பிறகு நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும். காலை பத்து மணிக்கு வயிறு நிறையக் கம்பும் குறுணையும் போட்டால், செரிமானச் சூடும் மதிய வெயிலும் ஒன்றாகச் சேரும். அதனால் விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்கே தீனியைப் போடுங்கள். ஒன்பது மணிக்கு எடுத்துவிடுங்கள். அடுத்த தீனி மாலை ஆறு மணிக்கு மேல். இடையில் பசித்தால் தர்பூசணித் தோல், வெள்ளரி, கீரைத் தண்டு போதும்.

ஒரு கோழி நாளைக்கு 100 முதல் 120 கிராம் வரை தீனி தின்னும். வெக்கையில் அது குறையும். தின்னவில்லையே என்று மதியத்தில் ஆசை காட்டித் தின்ன வைக்காதீர்கள். சூட்டைக் குறைக்கத்தான் அது தீனியைக் குறைத்திருக்கிறது.

முட்டை ஓடு ஏன் மெலிகிறது?

கோடையில் முட்டை சிறுக்கும், ஓடு மெலியும். சில நாள் தோல் முட்டைகூட விழும். கிளிஞ்சல் போட்டும் ஏன் இப்படி என்று கேட்பவர்கள் உண்டு. கோழி இடைவிடாமல் இரைக்கும்போது உடம்பிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியே போய்விடுகிறது. அதனால் ரத்தத்தின் கார அமிலச் சமநிலை மாறி, ஓடு கட்டத் தேவையான பொருட்கள் சரியாகக் கிடைப்பதில்லை. கூடவே தீனியும் குறைகிறது. இரைப்பு நின்றால் ஓடு தானாகத் தேறும். கிளிஞ்சலை மாலைத் தீனியோடு கொடுங்கள், ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது.

முட்டையைக் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை எடுத்துவிடுங்கள். சேவல் சேர்ந்த முட்டை என்றால், 21 டிகிரிக்கு மேலே உள்ளே கரு மெல்ல வளரத் தொடங்கும். நம் வீட்டு அலமாரி அந்த மாதத்தில் 33 டிகிரி இருக்கும். அடைக்கு வைக்க நினைத்துப் பத்து நாள் சேர்த்துவைத்த முட்டை பொரிக்காமல் கூழாகப் போவது இதனால்தான்.

கத்திரியில் அடை வைப்பதையே தவிர்ப்பது நல்லது. அடைக்கோழி தன் முட்டையை விட்டு எளிதில் எழாது. தாகம் எடுத்தாலும் நெடுநேரம் எழாது. வெக்கைக்குச் சாகும் கோழிகளில் அதுவும் ஒன்று. ஏற்கெனவே அடையில் இருந்தால், நாளைக்கு இரண்டு முறை தூக்கித் தண்ணீர்ச் சட்டி அருகே விடுங்கள்.

கோழி சரிந்து விழுந்தால்...

வாய் திறந்து, இறக்கை விலக்கி நின்றால் அது எச்சரிக்கை. நிழலுக்கும் ஃபேனுக்கும் மாற்றுங்கள். கண் செருகி, கழுத்து தொங்கி, காலை நீட்டிப் படுத்துவிட்டால் ஆபத்து. உடம்பு வெப்பம் 46, 47 டிகிரியைத் தொட்டால் உயிர் தங்காது. நேரம் நிமிடக் கணக்கில்தான்.

ஒரு வாளியில் சாதாரணக் குளிர்ந்த தண்ணீர் எடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். தலை வெளியே இருக்கும்படி கழுத்து வரை இரண்டு, மூன்று நிமிடம் அமிழ்த்திப் பிடியுங்கள். இறகுக்கு அடியில் தோல் நனைய வேண்டும். பிறகு எடுத்து, காற்றோட்டமான இடத்தில் ஃபேன் முன்னால் விடுங்கள். தெளிக்காதே என்று சொல்லிவிட்டு இப்போது முக்கச் சொல்கிறேனே என்று கேட்கலாம். தெளித்த தண்ணீர் ஆவியானால்தான் குளிரும். முக்கிய தண்ணீர் கோழியின் உடம்பைத் தொட்டே சூட்டை வாங்கிக்கொள்ளும். ஈரப்பதம் அதற்குத் தடை இல்லை.

மயங்கிய கோழியின் வாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போய்விடும். தானாகத் தலை தூக்கிய பிறகு அலகை மட்டும் நனைத்துக் காட்டுங்கள்.

வெக்கையா, கழிச்சலா?

இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிவது முக்கியம். வெக்கைச் சாவு பெரும்பாலும் மதியம் இரண்டிலிருந்து ஐந்து மணிக்குள், அதுவரை நன்றாக இருந்த கோழிக்கு வரும். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கேட் நோய் வேறு மாதிரி. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். கோழி உம்மென்று ஒதுங்கி நிற்கும். சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், கால் இழுக்கும். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு இரண்டு என்று பகல் இரவு பார்க்காமல் சாகும். அதுவும் கோடையில் வரக்கூடியதுதான்.

நோயை வெக்கை என்று நினைத்தால் பக்கத்து வீட்டுக் கோழிகளும் போகும். வெக்கையை நோய் என்று நினைத்தால், கண்ட மருந்தைக் கொடுத்துவிட்டுக் கூண்டை அப்படியே வைத்திருப்போம். மறுநாள் இன்னொன்று போகும்.

வெள்ளைக்கழிச்சல் வந்த பிறகு அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. தடுப்பூசி உண்டு. கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் இலவச முகாம் நடத்துகிறது. ஒரே நாளில் பல கோழிகள் செத்தால் தொடாமல், அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற இலவச எண் இருக்கிறது. செத்த கோழியை ஏரிக்கரையில் வீசாமல், ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

எதை வாங்கலாம்? எப்போது வாங்கலாம்?

நம் வெக்கைக்குச் சின்ன உடம்புக்காரர்கள்தான் ஏற்றவர்கள். நாட்டுக்கோழியில் சிறுவிடை நல்ல தேர்வு. கழுத்தில் இறகில்லாத நாட்டுக்கோழி பார்க்க அழகாக இருக்காது, ஆனால் அந்த வெறும் கழுத்து வழியாகச் சூடு எளிதில் வெளியேறும். முட்டை கூடுதலாக வேண்டும் என்றால் ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கிராமப்பிரியா இருக்கிறது. நம் நந்தனத்தில் இருந்த கோழியின ஆராய்ச்சி நிலையம், அந்த ஊர்ப் பெயரிலேயே நந்தனம் கோழி ரகங்களை உருவாக்கியது. கறிக்காக வளர்க்கும் பிராய்லர் குஞ்சை வாங்கிக் கோடையில் வளர்க்க முயல வேண்டாம். அதன் உடம்பு இந்த வெக்கையைத் தாங்காது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்குபவர்கள், புதுக்கோழியை இரண்டு வாரமாவது தனியாக வைத்துப் பார்த்துவிட்டுப் பழைய கோழிகளோடு சேருங்கள். பிங்க், பச்சை என்று சாயம் பூசிய குஞ்சுகளைக் குழந்தைகள் அடம்பிடித்துக் கேட்பார்கள். பெரும்பாலும் அவை முட்டைப் பண்ணைகள் வேண்டாம் என்று ஒதுக்கிய ஆண் குஞ்சுகள். முட்டை ஆசையில் வாங்கினால் ஏமாற்றம்தான்.

வாங்க நல்ல நேரம், மழை ஓய்ந்த டிசம்பர் கடைசி, ஜனவரி. நான்கு, ஐந்து மாத விடைக்கோழியாக வாங்கினால், சூடு படிப்படியாக ஏறும்போது அதுவும் படிப்படியாகப் பழகிக்கொள்ளும். ஏப்ரல், மே மாதங்களில் புதுக்கோழி வாங்காதீர்கள்.

முறையாகக் கற்றுக்கொள்ள விரும்பினால், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் நமக்குப் பக்கம். பூந்தமல்லி பக்கத்துக் காட்டுப்பாக்கத்துக்குப் போய்விடாதீர்கள். இது ஜி.எஸ்.டி. சாலையில், பொத்தேரி அருகே இருப்பது.

பக்கத்து வீட்டு அக்காவும் முக்கியம்

முட்டைக்குச் சேவல் தேவையில்லை. சேவல் இல்லாமலே பெட்டை முட்டை போடும், குஞ்சு மட்டும் பொரிக்காது. விடியற்காலை மூன்றரைக்குக் கூவும் சேவலால் வந்த சண்டைகள் நம் தெருக்களில் ஏராளம். நெருக்கமான தெருவில் பெட்டைகள் மட்டும் போதும். நான்கு போதும், பத்து வேண்டாம்.

கூண்டைக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, அடுத்த வீட்டு ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள். நெடி வருவது ஈரத்தால். உமி காய்ந்திருந்தால் பாதி நெடி இருக்காது. தீனியை மூடி போட்ட தகர டின்னில் வையுங்கள். சிந்திய தீனிக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும், குடியிருப்பு என்றால் சங்கத்திடமும் முதலிலேயே பேசிவிடுங்கள். மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் சுகாதார ஆய்வாளரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு நாலு முட்டையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துப் பாருங்கள். புகார் வருவதற்கு முன்னால் பேச்சு வரும்.

மழையையும் மறக்காதீர்கள்

2015 டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மிதந்தன. அதனால் இந்தப் பக்கத்தில் கூண்டைத் தரையோடு தரையாக வைப்பது சரியில்லை. இரண்டரை, மூன்று அடி உயரக் கால்கள் போட்டு அதன் மேல் வையுங்கள். மழைக்காலத்தில் ஈரம் ஏறாது. கோடையில் கூண்டுக்கு அடியிலும் காற்று ஓடும். பகலில் அந்த அடி நிழலிலேயே கோழி படுத்துக்கொள்ளும். ஒரே செலவில் இரண்டு காலத்துக்கும் பாதுகாப்பு.

கத்திரி வழக்கமாக மே 4-ம் தேதி வாக்கில் தொடங்கி, 28, 29 வரை போகும். அதற்கு முன்பே செய்து பார்க்க ஒரு சின்னச் சோதனை. மதியம் இரண்டு மணிக்குக் கோழிகளை வெளியே விட்டுவிட்டு, கூண்டுக்குள் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடியுங்கள். உமியில் பொறி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகை ஒரு பக்கமாக ஓடினால் உங்கள் கூண்டு மூச்சு விடுகிறது. நேராக மேலே எழும்பி அங்கேயே சுற்றினால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பக்கத்துப் பலகையைக் கழற்றி வலை அடித்துவிடுங்கள்.